ஐந்து சதவீதமா, ஐம்பது சதவீதமா? அஃபிலியேட் வழிகள் ஓர் ஒப்பீடு

அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில் (அடுத்தவர் பொருளை லிங்க் கொடுத்துச் சிபாரிசு செய்து, அது வழியாக விற்றால் கமிஷன் வாங்கும் தொழிலில்) இறங்கலாமா என்று கேட்பவர்கள் மூச்சுவிடாமல் அடுத்து கேட்பது, "எதுல கமிஷன் அதிகம்?" நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு தாளில் இடதுபக்கம் நிறுவனத்தின் பெயர், வலதுபக்கம் சதவீதம். பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கி, மேலே இருந்த மூன்றைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால், கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி பட்டியலின் அடியில் கிடந்த ஐந்து சதவீதக்காரர்களிடமிருந்துதான் வந்திருந்தது.

அந்தத் தாளில் இன்னொரு கட்டம் போட்டிருக்க வேண்டும். வாசகர் லிங்க்கைத் தட்டுவதற்கும் என் கணக்கில் பணம் விழுவதற்கும் நடுவே எத்தனை கைகள் இருக்கின்றன, அதில் எந்தக் கை நினைத்தால் வருமானம் நின்றுபோகும் என்கிற கட்டம். கீழே எல்லா வழிகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் உரசிப் பார்க்கிறேன்.

பெரிய கடையின் சின்ன கமிஷன்

அமேசான் 1996ல் ஆரம்பித்த அசோசியேட்ஸ் திட்டம்தான் பலருக்கும் முதல் படி. (இந்த யோசனையே அமேசானுடையது என்று பலர் எழுதுவார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1994ல், சிடிநவ் என்ற இசைத்தட்டுக் கடை இதைச் செய்திருக்கிறது.) சேருவது சுலபம். ஆனால் முதல் 180 நாளுக்குள் உங்கள் லிங்க் வழியாக மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் நாலு கட்டுரை எழுதி முடிக்கும் முன்பே அவசரப்பட்டுச் சேராதீர்கள்.

இங்கே பணம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் பிடிபடும். ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு முதுகுவலியோடு "நீண்ட நேரம் உட்கார நல்ல நாற்காலி" என்று தேடுகிறார். உங்கள் ரிவியூ கண்ணில் படுகிறது. படிக்கிறார், லிங்க்கைத் தட்டுகிறார், நாற்காலிப் படத்தை நாலு பக்கமும் பார்க்கிறார். காலையில் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாங்கலாம் என்று போனை வைத்துவிடுகிறார். மூன்றாம் நாள் ஆபீஸ் கணினியில் நேராகக் கடைக்குப் போய் வாங்கிவிடுகிறார். உங்களுக்குக் காலணா கிடையாது, ஏனென்றால் அந்தக் கிளிக்கின் ஆயுள் 24 மணி நேரம். அதே ராத்திரி கார்ட்டில் போட்டு வைத்திருந்தால் கதை வேறு. அந்தப் பொருளுக்கு மட்டும் அவகாசம் 90 நாள் வரை நீளும். இன்னொன்றும் நடக்கலாம். நாற்காலியை விட்டுவிட்டு அதே மூச்சில் ஒரு ஜோடி செருப்பும் நாலு பேட்டரியும் வாங்குகிறார். அதற்கும் உங்களுக்குக் கமிஷன் உண்டு.

என் ஐந்து சதவீதக்காரர்கள் ஜெயித்தது இதனால்தான். வாசகருக்கு ஏற்கெனவே அந்தக் கடையில் கணக்கு இருக்கிறது, முகவரி இருக்கிறது, கார்டு பதிந்திருக்கிறது. யோசிக்காமல் வாங்கிவிடுவார். யாரும் கேள்விப்படாத கடை ஐம்பது சதவீதம் கொடுத்தாலும், வாசகர் அங்கே கார்டு நம்பரை அடிக்கத் தயங்கும் அந்தப் பத்து விநாடியில் எல்லாம் போய்விடும்.

சரி, யார் கையில் கயிறு? முழுக்கக் கடையின் கையில்தான். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் கமிஷன் அட்டவணையை மாற்றியது. ஃபர்னிச்சர், வீட்டுப் பராமரிப்புப் பொருட்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. மளிகைக்கு 5 இருந்தது 1 ஆனது. அறிவிப்பு வந்து ஒரு வாரத்தில் அமல். நாற்காலியும் மேஜையும் மட்டுமே எழுதிக்கொண்டிருந்த ஒரு வெப்சைட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறவில்லை, ஒரு வாசகர் குறையவில்லை, வருமானம் மட்டும் பாதிக்கும் கீழே.

நெட்வொர்க் வழி, நேரடி வழி

அவின், சிஜே, ரக்குட்டன், இம்பாக்ட் போன்ற நெட்வொர்க்குகளில் ஒரே கணக்கில் நிறைய கடைகளின் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். யார் லிங்க் வழியாக வந்தார் என்று வாசகரின் பிரவுசரில் பதியும் குறிப்புதான் குக்கி. அதன் ஆயுள் இங்கே பெரும்பாலும் 30 நாள், சிலர் 60, 90 கூடத் தருகிறார்கள். மேலே சொன்ன முதுகுவலிக்காரர் அதே கருவியில் மூன்றாம் நாள் வாங்கியிருந்தால் இங்கே உங்களுக்குப் பணம் உண்டு. சதவீதமும் கொஞ்சம் கூடுதல்தான்.

ஆனால் இங்கே விற்பனை நடந்த உடனே பணம் உங்களுடையதாகிவிடாது. முதலில் "பெண்டிங்". பொருள் திரும்பி வரும் காலம் கடந்த பிறகு கடைக்காரர் "சரி" என்று சொன்னால்தான் உறுதி. அவர் நிராகரிக்கவும் செய்யலாம். டாஷ்போர்டில் பெரிய எண்ணைப் பார்த்துக் குஷியாகிச் செலவு செய்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதில் மூன்றில் ஒரு பங்கு ரத்தானதைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. இப்போதெல்லாம் "உறுதியானது" என்ற கட்டத்தை மட்டும்தான் பார்க்கிறேன்.

நெட்வொர்க் நடுவில் இல்லாமல் நிறுவனத்தோடு நேராகப் பேசி லிங்க் வாங்குவது இன்னொரு வழி. இதில் பேரம் பேச இடம் இருக்கிறது. நல்ல விற்பனை கொண்டுவந்து காட்டினால் சதவீதத்தை ஏற்றித் தருவார்கள். அப்படி நான் சேர்ந்த ஒரு சின்ன நிறுவனம் ஒரு நாள் "இந்த வார இறுதியோடு திட்டத்தை நிறுத்துகிறோம், ஒத்துழைப்புக்கு நன்றி" என்று மூன்று வரி மெயில் அனுப்பியது. பதினொரு கட்டுரையில் அவர்கள் லிங்க். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க லிங்க் மாற்றியே போனது. அதற்கப்புறம் கட்டுரைக்குள் நேரடியாக லிங்க் ஒட்டுவதே இல்லை. என் டொமைனுக்குள் ஒரு திருப்பு முகவரி வைத்து, அங்கிருந்து அனுப்புகிறேன். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். இப்படி முகவரியைத் திருப்பி அனுப்புவதற்கு ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு விதி இருக்கும். அதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

மாதாமாதம் வரும் கமிஷன்: கணக்குப் போட்டுப் பார்த்தால்

மென்பொருள் நிறுவனங்கள் தரும் தொடர் கமிஷன்தான் இந்தத் துறையில் எல்லோருடைய கனவும். ஒரு முறை ஆளைச் சேர்த்துவிட்டால் அவர் சந்தா கட்டும்வரை உங்களுக்கும் பங்கு வரும். "தூங்கும்போதும் காசு" என்று சொல்லி விற்பது இதைத்தான்.

தூங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மென்பொருளுக்கு மாதச் சந்தா 20, உங்களுக்கு 30 சதவீதம் என்றால் மாதம் 6. போட்டி நிறுவனம் ஒருமுறை மட்டும் 80 தருகிறது. எது மேல்? பதில் கமிஷன் அட்டவணையில் இல்லை, சந்தாதாரர்கள் எவ்வளவு வேகமாக விட்டுப்போகிறார்கள் என்பதில் இருக்கிறது. மாதம் நூற்றுக்கு ஐந்து பேர் விலகினால் ஒருவர் சராசரியாக 20 மாதம் இருப்பார். உங்களுக்கு 120. மாதம் பத்துப் பேர் விலகினால் சராசரி 10 மாதம், உங்களுக்கு 60. அதே 30 சதவீதம்தான், ஒன்றில் லாபம், இன்னொன்றில் நஷ்டம்.

இதில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: "முதல் 12 மாதங்களுக்கு மட்டும்." அப்படியானால் ஐந்து சதவீத விலகலிலும் சராசரியாக உங்களுக்குக் கிடைப்பது சுமார் 55. பாதிக்கும் கீழே! தொடர் கமிஷன் என்று விளம்பரம் செய்யும் பல திட்டங்களில் இந்த வரி இருக்கிறது. இல்லாத திட்டத்தில் நாளைக்கே நுழையலாம்.

எத்தனை பேர் விலகுகிறார்கள் என்று பெரும்பாலான நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. ஆனால் ஊகிக்கலாம். விட்டுப்போவது பயனருக்கு வேதனையாக இருக்கும் மென்பொருளில் ஆள் தங்குவார். வருடக்கணக்கில் பில் போட்ட கணக்குப் பதிவு மென்பொருள், ஆயிரக்கணக்கான முகவரிகளை ஏற்றி வைத்த மெயில் சேவை, வெப்சைட்டே உட்கார்ந்திருக்கும் ஹோஸ்டிங், இதையெல்லாம் மாற்றுவது வீடு மாற்றுகிற மாதிரி. படத்துக்கு எஃபெக்ட் போடும் ஆப்பை ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்த மாதம் ரத்து செய்துவிடுவார்கள்.

இந்த வழியின் உண்மையான சுமை வேறு. அந்த மென்பொருளை நீங்கள் தினமும் பயன்படுத்த வேண்டும். நாற்காலியை ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்து எழுதிவிடலாம். மென்பொருள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முகத்தை மாற்றும், விலையை மாற்றும். பழைய திரைப் படத்தோடு கிடக்கும் ரிவியூவைப் பார்த்தாலே வாசகருக்குத் தெரிந்துவிடும், இந்த ஆள் இதைத் தொட்டு ரொம்ப நாளாகிறது என்று.

எழுபத்தைந்து சதவீதத்தின் வாசனை

டிஜிட்டல் சரக்குகளை அஃபிலியேட்காரர்கள் வழியாக விற்கும் கிளிக்பேங்க் சந்தை 1998லிருந்து இருக்கிறது. இங்கே பாதிக்கு மேல் கமிஷன் சர்வசாதாரணம், 75 சதவீதம் கூட ஆச்சரியமில்லை. மின்னூல், வீடியோ வகுப்பு போன்ற டிஜிட்டல் சரக்கில் ஒரு பிரதி கூடுதலாக விற்க அடக்கச் செலவே இல்லை. அதனால் அள்ளிக் கொடுக்க முடிகிறது. கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் பெயர் தெரியாத சரக்கை விற்பதே அஃபிலியேட்காரர்கள்தான்.

புதியவர்கள் அங்கே "கிராவிட்டி" என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுவார்கள். அது எத்தனை பிரதி விற்றது என்பதல்ல. சமீபத்திய பன்னிரண்டு வாரத்தில் எத்தனை அஃபிலியேட்கள் அந்தச் சரக்கில் கமிஷன் பார்த்தார்கள் என்பதை ஒட்டிய எண். அது பெரிதாக இருந்தால் சரக்கு போகிறது என்று அர்த்தம், உங்களுக்கு முன்னால் பெரிய கூட்டம் நிற்கிறது என்றும் அர்த்தம்.

ரீஃபண்ட் அவகாசம் பெரும்பாலும் 60 நாள். வாங்கியவர் கேட்டால் உங்கள் கமிஷனும் கூடவே திரும்பிப் போகும். "பதினான்கு நாளில் பத்துக் கிலோ குறையும்" ரகச் சரக்குக்கு எத்தனை பேர் திருப்பிக் கேட்பார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உருப்படியான வகுப்புகளும் அங்கே இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கி, முழுக்கப் பார்த்து, பிடித்தால் மட்டும் எழுதுவது என்றால் இந்த வழியிலும் மானமாகச் சம்பாதிக்கலாம். அந்தப் பொறுமை உள்ளவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆள் எங்கிருந்து வருகிறார்?

இதுவரை பேசியது எதை விற்பது என்பது பற்றி. எந்த வாசலில் நின்று விற்பது என்பதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது, ஏனென்றால் கயிறு இங்கேயும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது.

கூகுள் தேடலை நம்பி வெப்சைட் நடத்துவது இந்தத் துறையின் பழைய ராஜபாட்டை. அதன் உச்சத்துக்கு உதாரணம் தி ஒயர்கட்டர். 2011ல் தொடங்கி, ஒவ்வொரு பொருளிலும் "இதை வாங்குங்கள்" என்று ஒன்றைக் கைகாட்டியே வளர்ந்த ரிவியூ தளம். 2016ல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கும் நோக்கத்தோடு தேடுபவர் தானாக வந்து நிற்கிறார் என்பதுதான் இந்த வழியின் பலம். "எந்த மைக் நல்லது" என்று தேடுபவரை நீங்கள் வற்புறுத்த வேண்டியதில்லை, தேர்ந்தெடுக்க உதவினால் போதும்.

இப்போது அந்தப் பாட்டை மேடும் பள்ளமும். 2021 ஏப்ரலில் கூகுள் ரிவியூ பக்கங்களுக்கென்றே ஒரு அப்டேட் விட்டது. பொருளைத் தொடாமல் டப்பாவின் பின்பக்க விவரத்தை மாற்றி எழுதியவர்கள் கீழே போனார்கள். 2023 செப்டம்பர் அப்டேட்டில் பல சின்னத் தளங்களின் வாசகர் கூட்டம் கரைந்தது. அதில் நேர்மையாக எழுதியவர்களும் இருந்தார்கள் என்பது என் வருத்தம். 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் தேடல் முடிவுக்கு மேலேயே ஏஐ சுருக்கம் வரத் தொடங்கியது, பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. "எது நல்லது" என்பதற்கு அங்கேயே ஒரு பதில் கிடைத்துவிட்டால், உள்ளே வருபவர் குறையத்தான் செய்வார்.

யூடியூபில் நம்பிக்கை சீக்கிரம் வருகிறது. கையில் பொருளை வைத்துக்கொண்டு, மைக்கை மாற்றி மாற்றிப் பேசிக் காட்டினால், அதற்கு ஈடாக எழுத்தில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வீடியோ மூன்று வருடம் கழித்தும் விற்றுக்கொண்டிருக்கும். ஆனால் வீடியோவில் சொன்ன விலை தப்பாகிவிட்டால் திருத்த முடியாது, கட்டுரையை ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். குறும் வீடியோக்காரர்களுக்கு இன்னொரு அடி விழுந்தது. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலும் கமென்டிலும் போடும் லிங்க் தட்டினால் திறக்காது. லட்சம் பேர் பார்க்கிறார்கள், அந்த லிங்க் வழியாக ஒருவராலும் கடைக்குப் போக முடியவில்லை.

காசு கொடுத்து விளம்பரம் போட்டு ஆள் வரவழைப்பது பற்றிச் சுருக்கமாக: விலை 100, கமிஷன் 5 சதவீதம், நூறு கிளிக்குக்கு இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்றால் நூறு கிளிக்கின் மொத்த வரவு 10. ஒரு கிளிக்குக்கு 0.10. அதற்கு மேல் விளம்பரத்துக்குக் கொடுத்தால் நஷ்டம். பெரிய கமிஷன், கையில் முதல், தினமும் எண்களோடு மல்லுக்கட்டும் குணம், இந்த மூன்றும் இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம். கடைக்கு அனுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்யாத இடைப்பக்கங்களைக் கூகுள் விளம்பரம் ஏற்பதும் இல்லை.

மின்னஞ்சல் பட்டியலைப் பார்த்துப் பலர் கொட்டாவி விடுவார்கள். என் கணக்கில் முதலிடம் அதற்குத்தான். ஆயிரம் பேர் தாங்களாக விரும்பி முகவரி கொடுத்திருந்தால், கூகுள் தரவரிசையை மாற்றினாலும் உங்கள் கடிதம் அவர்களுக்குப் போகும். ஒரு திட்டம் மூடினால், அடுத்த வாரம் வேறு நிறுவனத்தின் பொருளைப் பற்றி எழுதலாம். மெயில் சேவையே பிடிக்கவில்லையா, பட்டியலை இறக்கிக்கொண்டு வேறிடம் போகலாம். மற்ற எந்த வாசலையும் இப்படிக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது. குறை என்னவென்றால், மெதுவாக வளரும். முதல் நூறு பேருக்கே எனக்கு ஐந்து மாதம் ஆனது. சில திட்டங்கள் மெயிலில் லிங்க் போடுவதைக் கட்டுப்படுத்தும். அதனால் மெயிலிலிருந்து என் கட்டுரைக்கும், கட்டுரையிலிருந்து கடைக்கும் போகச் செய்கிறேன்.

கடைசிக் கிளிக்கின் வம்பு

எந்த வழியில் போனாலும் ஒரு விஷயம் பொது. பெரும்பாலான திட்டங்களில் கடைசியாகத் தட்டிய லிங்க்குக்குத்தான் முழுக் கமிஷன். நீங்கள் இரண்டாயிரம் வார்த்தை எழுதி ஆளைச் சம்மதிக்க வைத்திருப்பீர்கள். பணம் கட்டும் பக்கத்தில் அவர் கூப்பன் தேடித் தரும் ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷனைத் தட்டினால், கமிஷன் அந்தப் பக்கம் போய்விடலாம். 2024 டிசம்பரில் பேபாலுக்குச் சொந்தமான ஹனி என்ற கூப்பன் எக்ஸ்டென்ஷன் மீது இதே குற்றச்சாட்டு எழுந்து வழக்கு வரை போனது. திருட்டு பழையது. வாசகருக்குத் தெரியாமலே அவர் கணினியில் ஈபே குக்கியைத் திணித்துக் கமிஷன் பார்த்தவர்கள் மீது அமெரிக்காவில் கிரிமினல் வழக்கு நடந்து, 2014ல் சிறைத் தண்டனையே விழுந்தது.

இதனால் கூப்பன் பெட்டி வைத்திருக்கும் கடைகளை நான் ஒரு படி கீழே வைக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியில் போட எனக்கென்று தனித் தள்ளுபடிக் குறியீடு தருகிற நிறுவனம் மேலே போகும். குறியீட்டை வைத்துக் கணக்குப் பார்த்தால் குக்கி பற்றிய கவலையே இல்லை. வாசகர் வேறு போனில் வாங்கினாலும் பணம் வந்து சேரும்.

இப்போது ஆரம்பிப்பவர் என்றால்

எழுதத் தெரியும், முதல் இல்லை, ஒரு துறையில் கை பழகியிருக்கிறது என்பவருக்கு என் சிபாரிசு: குறுகிய தலைப்பில் ஒரு வெப்சைட், முதல் நாளிலிருந்தே மெயில் பட்டியல். விற்க, பெரிய கடை ஒன்று. அதை வருமானத்துக்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆட்கள் எதை வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு மாதம் கழித்து அந்த விவரத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நேரடித் திட்டங்களோடு பேசலாம். தினமும் தொடும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அதையும் சேர்க்கலாம். கேமரா முன்னால் கூச்சமில்லாதவர் வெப்சைட்டுக்குப் பதில் யூடியூபில் தொடங்கட்டும், மெயில் பட்டியலை மட்டும் விட வேண்டாம். அவசரமாக அடுத்த மாதமே பணம் வேண்டும் என்பவருக்கு இதில் எந்த வழியும் சரிப்படாது. அவர் அதே திறமையை வைத்து யாருக்காவது எழுதிக் கொடுத்துக் கூலி வாங்குவது நல்லது.

லிங்க்குக்கு மேலேயே "இதன் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்" என்று ஒரு வரி போடுங்கள். பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம். அமேசான் ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது. அந்த வரியைப் பார்த்து ஓடிப்போன வாசகர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியாக ஒரு வேலை, ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி டிராக்கிங் ஐடி (எந்த லிங்க்கிலிருந்து விற்பனை வந்தது என்று காட்டும் அடையாளம்) போடுங்கள். நான் இரண்டு வருடம் எல்லாவற்றுக்கும் ஒரே ஐடி வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தபோது, நான் பெருமையாக நினைத்த பெரிய "சிறந்த பத்து" பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றும் விற்கவில்லை என்று தெரிந்தது. விற்றுக்கொண்டிருந்தது, ஒரு மைக்கில் "இஸ்ஸ்" என்ற இரைச்சல் ஏன் வருகிறது, எந்த ஒயரை மாற்றினால் போகும் என்று எப்போதோ அவசரத்தில் எழுதிய அரைப் பக்கக் குறிப்பு. ஒயரின் விலை அற்பம், கமிஷன் அதைவிட அற்பம். ஆனால் அதைப் படித்தவர்களில் பலர் ஒயரோடு சேர்த்துப் புது மைக்கையும் வாங்கியிருந்தார்கள். இந்த வாரம் அந்தக் குறிப்பைத்தான் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மைக்கில் புது மாடல் வந்துவிட்டது, அதிலும் இரைச்சல் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.